பழைய கேம் புதுக் கணினியில் ஏன் ஓட மறுக்கிறது?

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 2022 ஜூலை, ஆகஸ்டில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. பொதுப் பிரிவில் மட்டும் 188 அணிகள் விளையாடின. செங்கல்பட்டு மாவட்டத்தில் அன்று செஸ் ஆசை பற்றிக்கொண்ட ஒரு பிள்ளைக்கு, அப்பா தன் காலத்து செஸ் கேம் சிடியை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் 11 லேப்டாப்பில் அதைப் போட்டால், இந்தக் கணினியில் இது இயங்காது என்ற அறிவிப்புதான் பெரும்பாலும் வரும். சிடியில் கீறல் இருக்காது. கேமிலும் பழுது இருக்காது.

எந்தக் கேமும் தனியாக இயங்குவதில்லை. ஆபரேட்டிங் சிஸ்டம், கிராஃபிக்ஸ் கார்டு, சவுண்ட் கார்டு, பிராசஸரின் வேகம் என்று தன்னைச் சுற்றியிருந்த பலவற்றை நம்பித்தான் அது எழுதப்பட்டது. கேம் அப்படியேதான் இருக்கிறது. அது நம்பியிருந்தவற்றைத்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். எது போனது என்று கண்டுபிடித்தால் அதற்கு மாற்று அநேகமாகக் கிடைத்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது 16 பிட் சிக்கல். டாஸ் காலத்து நிரல்களும் விண்டோஸ் 3.1 காலத்து நிரல்களும் 16 பிட் வகை. இன்டெல் தன் 386 பிராசஸரில் டாஸ் நிரல்களுக்கென்று ஒரு தனி வழி வைத்திருந்தது. பிராசஸர் 64 பிட் நிலையில் இயங்கும்போது அந்த வழி அடைபட்டுவிடுகிறது. 32 பிட் விண்டோஸ் 10 வரை இந்த நிரல்களுக்கு ஏதோ ஓர் ஏற்பாடு இருந்தது. 2021-ல் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே வருகிறது. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 1990-களின் பிற்பகுதியில் வந்த கேம்கள் பலவும் 32 பிட் வகைதான். ஆனால் அவற்றை நிறுவும் செட்டப் நிரல் மட்டும் 16 பிட்டாக இருக்கும். செட்டப் திறக்கவில்லை என்பதற்காகக் கேமே போயிற்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

டாஸ் கேம்களுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது. 2002 முதல் இலவசமாகக் கிடைக்கும் இந்த நிரல், உங்கள் கணினிக்குள் ஒரு பழைய கணினியை முழுக்க மென்பொருளாலேயே உருவாக்கித் தருகிறது. அந்தக் காலத்து பிராசஸர், சவுண்ட் பிளாஸ்டர் கார்டு, விஜிஏ திரை எல்லாம் அதில் உண்டு. கேம் இருக்கும் ஃபோல்டரை அதற்கு சி டிரைவாகக் காட்டிவிட்டால் போதும். 1988-ல் வெளிவந்து, காய்கள் நடந்துபோய் ஒன்றையொன்று அடித்து வீழ்த்தும் காட்சிக்குப் பேர்போன பேட்டில் செஸ் இப்படித்தான் இன்றும் ஓடுகிறது.

ஆனால் ஓடுவது வேறு, ஒழுங்காக ஓடுவது வேறு. பிராசஸரின் வேகத்தையே கடிகாரமாக வைத்து எழுதிய பழைய கேம்கள் இன்றைய வேகத்தில் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய பல நிரல்கள், பென்டியம் வேகம் ஏறஏற, தொடங்கும்போதே பூஜ்ஜியத்தால் வகுக்கும் பிழையில் நின்றுபோயின. செஸ் கேமில் இதன் விளைவு இன்னும் நுட்பமானது. ஒரு நகர்வுக்கு 10 விநாடி யோசி என்று நிலை வகுத்திருந்தால், பழைய கணினி அந்த நேரத்தில் பார்த்ததைப்போலப் பல மடங்கு ஆட்டநிலைகளைப் புதிய கணினி அலசிவிடும். அன்று சுலபமாக இருந்த நிலை இன்று குழந்தையைத் திணறடிக்கும். இத்தனை நகர்வு ஆழம் மட்டும் பார் என்று வகுத்த நிலைகளில் இந்தத் தொல்லை இல்லை. பதில் சட்டென்று வரும், அவ்வளவுதான். டாஸ்பாக்ஸில் வேகத்தை ‘சைக்கிள்ஸ்’ என்ற அளவு தீர்மானிக்கிறது. கன்ட்ரோல் பட்டனோடு எஃப் 11-ஐ அழுத்தினால் வேகம் குறையும், எஃப் 12-ஐ அழுத்தினால் கூடும். 3,000 சைக்கிள்ஸ் என்பது 286 கணினியின் வேகத்துக்குப் பக்கத்தில் வரும். நேரத்தை வைத்து வகுத்த நிலைகளில், பிள்ளை எவ்வளவு வலுவான எதிராளியோடு விளையாடுகிறது என்பதை இந்த எண்ணே தீர்மானிக்கும் என்பதால் இதைக் கவனமாக வையுங்கள்.

விண்டோஸ் காலத்துக் கேம்களின் கதை வேறு. விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் கூடவே வந்த செஸ் டைட்டன்ஸ், விண்டோஸ் 8-ல் நீக்கப்பட்டது. அந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துப் புதிய விண்டோஸில் வைத்தால் திறக்காது. இந்த விண்டோஸில் தனக்கு அனுமதி உண்டா என்று அது முதலில் கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இன்று அங்கே எதுவும் இல்லை. எக்ஸ்பி வரை வந்த பின்பால் கேம் விஸ்டாவில் காணாமல் போனதற்கான காரணத்தை மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் சொல்லியிருக்கிறார். 64 பிட்டுக்கு மாற்றியபோது பந்து தடுப்புகளில் மோதாமல் ஊடுருவிப் போனதாம். பிழை எங்கே என்று பிடிபடாததால் கேமையே விட்டுவிட்டார்கள். 2021-ல் ஆர்வலர் ஒருவர் அதன் இயங்கு கோப்பைப் பிரித்துப் படித்து மூல நிரலை மீட்டெழுதினார். இன்று அது லினக்ஸிலும் ஓடுகிறது.

256 வண்ணங்களை நம்பிய கேம்களில் நிறம் கெட்டு வானம் பச்சையாகத் தெரிந்தால், டிஜிவூடூ போன்ற இடைமென்பொருளின் கோப்புகளைக் கேம் ஃபோல்டரில் வைத்துப் பாருங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போன்றவை டைரக்ட்பிளே என்ற பழைய விண்டோஸ் வசதியைக் கேட்டால், விண்டோஸின் கூடுதல் வசதிகள் பட்டியலில் லெகசி காம்போனன்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் அதை இயக்கிவிடலாம்.

எனக்கு மிகவும் அநியாயமாகப் படுவது சேஃப்டிஸ்க் விவகாரம். 2000-களின் தொடக்கத்தில் பல கேம் சிடிகளில் இருந்த திருட்டுத் தடுப்புப் பூட்டு அது. விண்டோஸின் உள்ளடுக்கிலேயே ஒரு டிரைவரைப் பதித்து வேலை செய்தது. பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2015-ல் விண்டோஸ் 10 அந்த டிரைவரை ஏற்க மறுத்தது. மறுத்தது சரிதான். ஆனால் மாட்டிக்கொண்டவர் கடையில் காசு கொடுத்து அசல் சிடி வாங்கியவர். பூட்டு உடைத்த திருட்டு நகல் வைத்திருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்காகக் கண்ட இணையதளத்திலிருந்து பூட்டு உடைக்கும் கிராக் கோப்பை இறக்குவது வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடுவது. பூட்டில்லாத பதிப்பை 2008 முதல் இயங்கும் ஜிஓஜி போன்ற கடைகளில் தேடுங்கள்.

நம் சட்டமும் இங்கே வாங்கியவர் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, முறையாகப் பெற்ற கணினி நிரலை அது எதற்காகத் தரப்பட்டதோ அதற்குப் பயன்படுத்தும் பொருட்டு நகலெடுக்கவும் தகவமைக்கவும், இழப்புக்கு எதிராகக் காப்பு நகல் எடுக்கவும் இடம் தருகிறது.

தமிழகத்தில் பலர் வீட்டில் கவனிக்காமல் கிடக்கும் ஒரு தீர்வும் உண்டு. அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய சிஸ்டம் அது. உங்கள் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் 7 என்றால், அதற்கான ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அந்த லேப்டாப்பில் இன்றைய டெபியனை ஏற்றி, டாஸ்பாக்ஸையும் வைன் என்ற நிரலையும் நிறுவலாம். 1993-ல் தொடங்கிய வைன், விண்டோஸ் நிரல் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. 64 பிட் விண்டோஸ் கைவிட்ட 16 பிட் விண்டோஸ் கேம்கள் பலவும் வைனில் ஓடுகின்றன. பழைய விண்டோஸ் கேமுக்கு விண்டோஸைவிட லினக்ஸே நல்ல இடமாகிவிட்டது என்று தயங்காமல் சொல்வேன்.

இத்தனையும் சிடி படிக்க முடியும் நிலையில் இருந்தால்தான். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கேமின் மூல நிரல் இருந்த ஃபிளாப்பிகளை, அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னரின் தந்தை வீட்டில் கண்டெடுத்தது 2012-ல். கேம் வெளியாகி 20 ஆண்டுக்கு மேல் ஆகியும் அவற்றைப் படிக்க முடிந்தது. எல்லோருக்கும் அந்த யோகம் வாய்க்காது. சிடியின் அலுமினியப் படலத்தை மெல்லிய அரக்குப் பூச்சுதான் காக்கிறது. கோவளம் முதல் கல்பாக்கம் வரையுள்ள கடலோர வீடுகளின் உப்பும் ஈரமும் கலந்த காற்றுக்கு அந்தப் பூச்சு அதிக நாள் தாங்காது.

ஆகவே யூஎஸ்பி சிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கியாவது, உங்கள் சிடிகளை இந்த வாரமே நகலெடுத்துவிடுங்கள். சாதாரண டேட்டா சிடிக்கு ஐஎஸ்ஓ கோப்பு போதும். பாட்டும் கலந்த கேம் சிடி என்றால் பின்-க்யூ வடிவத்தில் எடுங்கள், இல்லையென்றால் இசை போய்விடும். ஒரு சிடி அதிகம் போனால் 700 எம்பி. 32 ஜிபி பென் டிரைவில் நாற்பது சிடி அடங்கும். அந்த இலவச லேப்டாப்பையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.