சமன் என்பது பாதித் தோல்வியா?

நேயர்களே, தில்லியிலோ மும்பையிலோ வாழும் நம் பிள்ளை ஒருவன், தன்னினும் வலியவனோடு சதுரங்கம் ஆடி, ஆட்டத்தைச் சமன் செய்துவிட்டு வீடு திரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். "வெல்லவில்லையா?" என்றே முதலில் கேட்கிறோம். அக்கேள்வி நியாயமானதுதானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

சதுரங்கத்தில் வெற்றிக்கு 1 புள்ளி. சமனானால் இருவருக்கும் அரைப் புள்ளி. ஆயினும் அவ்விரண்டு அரைகளும் ஒரே மதிப்புடையன அல்ல. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர் ஆர்பாட் எலோ என்பார் வகுத்த தர எண் முறையை, உலகச் சதுரங்க சம்மேளனம் 1970-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி இருவரின் தர எண்களுக்கிடையே 200 வேறுபாடு இருப்பின், 100 ஆட்டங்களில் வலியவர் ஏறக்குறைய 76 புள்ளிகளும் மெலியவர் 24 புள்ளிகளும் பெறுவர் என்பது எதிர்பார்ப்பு. எனவே, ஓர் ஆட்டத்தில் மெலியவரிடம் எதிர்பார்ப்பது கால் புள்ளிக்கும் சற்றுக் குறைவே. அவர் அரைப் புள்ளி பெற்றால் அவர் தர எண் உயர்கிறது. வலியவரின் எண் தாழ்கிறது.

மெலியவர் தாக்குப்பிடிப்பது எங்ஙனம்? காய் மிகுதி மட்டும் வெற்றியாகிவிடாது. இறுதியில் ஒருவரிடம் ராஜாவோடு பலகையின் ஓர வரிசைக் காலாள் ஒன்று மிஞ்சினாலும், எதிரியின் ராஜா அக்காலாள் சேரவேண்டிய மூலைக் கட்டத்தை முன்னரே பிடித்துக்கொண்டால் வெல்ல இயலாது. இரண்டு குதிரைகளை மட்டும் கொண்டு தனி ராஜாவை வலிந்து மடக்கவும் இயலாது. ராஜா தாக்கப்படாதிருக்க, நகர்த்துவதற்கு ஒரு காய்க்கும் வழியில்லையெனில் அதுவும் சமனே. ஆனால் இவ்வழிகளை அறிந்து, பிழையின்றி ஆடுவோர்க்கே அவை பயன்படும்.

இதற்குச் சான்று ஒன்று கூறுவோம். 2004 மார்ச்சில் ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் விரைவு ஆட்டப் போட்டி நடைபெற்றது. தரவரிசையில் உலகின் முதல்வராயிருந்த காரி காஸ்பரோவின் எதிரே அமர்ந்தவர் நார்வே நாட்டைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவர் மாக்னஸ் கார்ல்சன். முதல் ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் சிறுவரின் கையே ஓங்கியது. காஸ்பரோவ் அரிதின் முயன்று சமன் செய்தார். அடுத்த ஆட்டத்தில் காஸ்பரோவ் வென்றார். எனினும் அந்த அரைப் புள்ளி அஞ்சி ஒதுங்கிப் பெற்றதன்று. வெற்றியை நாடி ஆடிப் பெற்றது. அச்சிறுவரே 2013-இல் சென்னையில் விசுவநாதன் ஆனந்தை வென்று உலகப் பட்டம் சூடினார்.

ஆகவே, சமன் செய்து திரும்பும் பிள்ளையிடம், "எந்த இடத்தில் ஆட்டத்தைக் காப்பாற்றினாய்?" என்று கேட்போம். அவனே பலகையை விரித்துக் காய்களை அடுக்கி நமக்கு விளக்குவான்.