அடைத்தவருக்கே சந்து நிலமா?

நகராட்சிக் கூட்டத்தின் அஜெண்டாவை நம்மில் யாரும் படிப்பதில்லை. பக்கத்து நகராட்சி ஒன்றின் அஜெண்டா சென்ற மாதம் தற்செயலாக எங்கள் கைக்கு வந்தது. பயன்பாட்டில் இல்லாத சந்து நிலத்தை அருகிலுள்ள மனைக்காரருக்குக் கிரயம் கொடுப்பது பற்றி அதில் ஒரு வரி இருந்தது.

நேரில் போய்ப் பார்த்தோம். இரண்டு வரிசை வீடுகளின் பின்சுவர்களுக்கு நடுவே ஆறடி அகலம், இருநூறடி நீளம். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் சென்ட். ஒரு முனையில் கருவேலஞ்செடி. மறுமுனையில் மணலும் உடைந்த செங்கல்லும் கொட்டி வழியை அடைத்திருக்கிறார்கள். அடைத்தவர்தான் இப்போது விலைக்குக் கேட்கிறார்.

அது எதற்கான சந்து என்பதைச் சுவரே சொல்லும். பின்சுவர்களில் தரையை ஒட்டிச் சதுரமாக ஓர் ஓட்டை இருந்து, பிற்பாடு செங்கல் வைத்துப் பூசிய தடம். எடுப்புக் கக்கூஸின் வாய் அது. மலம் அள்ளுகிறவர்கள் முன்வாசல் பக்கம் வராமல், யார் கண்ணிலும் படாமல் வந்துபோக வெள்ளைக்காரன் காலத்தில் விட்ட வழி. சென்னையிலும் பெங்களூரிலும் இத்தகைய சந்துகள் உண்டு. பெங்களூரில் பல ஆக்கிரமிப்பில் போயின. எங்கள் பக்கத்தில் இதற்குச் சாதிப் பெயரோடு ஒட்டிய பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுத மாட்டோம்.

காலனியில் விசாரித்தோம். மாமியாரும் தானும் வாளியோடு நடந்த பாதை என்றார் ஒரு பாட்டி. மழை நாளில் தலைச்சுமை முகத்தில் வழியுமாம். அதைச் சொல்லும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வாளி போன பிறகும் பாதை இருந்தது. அந்தப் பக்கம் அரசுப் பள்ளி, இந்தப் பக்கம் காலனி. பிள்ளைகள் அதன் வழியாகத்தான் ஐந்து நிமிடத்தில் பள்ளிக்குப் போனார்கள். இப்போது லாரி ஓடும் சாலையைச் சுற்றிப் போகிறார்கள். சந்து என்ற சொல்லுக்கு இணைப்பு, மூட்டு என்றும் பொருள் உண்டு. மூட்டில் மண்ணைக் கொட்டிவிட்டு, கால் நடக்கவில்லை என்று கோப்பில் எழுதுகிறார்கள்.

கையால் மலம் அள்ளுவதை 1993-லும் மறுபடி 2013-லும் சட்டம் தடை செய்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அந்தத் தொழிலில் இருந்ததாகக் கணக்கெடுக்கப்பட்டவர்களில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு வீட்டுமனையும் கட்ட உதவியும் தரச் சொல்கிறது. காலனியில் மனைப் பட்டா கேட்டு அலையும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கேட்கும்போதெல்லாம் நிலம் இல்லை என்கிறார்கள். யாருடைய பின்சுவரை ஒட்டி நம்மவர் அள்ளினார்களோ, அவருக்குக் கொடுக்க மட்டும் நிலம் இருக்கிறது!

தெருவும் சந்தும் நகராட்சி வசம் இருப்பது பொதுமக்களுக்காகத்தான், வீட்டு நகை போல விற்றுக்கொள்ள அல்ல. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவர் பணம் கட்டினாலும் முறைப்படுத்தித் தரக்கூடாது என்றது. விதிவிலக்காக அது சொன்னவற்றில், நிலமற்ற கூலிகளுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அரசு அறிவிப்பின்படி கொடுத்த குத்தகையும் ஒன்று. மாணவர்கள் இந்தத் தீர்ப்பைத் தேடிப் படிக்க வேண்டும்.

உங்கள் ஊரிலும் பாதை மறிக்கப்பட்டிருந்தால் முதலில் பதிவேட்டைப் பாருங்கள். கிராமமென்றால் ‘அ’ பதிவேடும் புல வரைபடமும், நகரமென்றால் நகர நில அளவைப் பதிவேடும். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். பாதை என்று அதில் இருந்தால், செடி முளைத்துக் கிடந்தாலும் அது பாதைதான். தீர்மானம் நிறைவேறும் முன்பே ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்து, ஒப்புதல் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காலனிப் பெண்கள் கையெழுத்திட்ட ஆட்சேபனையோடு ஆணையரைப் பார்த்தோம். அந்த வரியை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். மணலை அள்ளி வழியைத் திறக்கச் சொல்லித் தனியாக ஒரு மனுவும் கொடுத்திருக்கிறோம்.