கத்தி வைக்காமல் கிட்னியைப் பார்ப்பது எப்படி?



2008 செப்டம்பரில் ஹிதேந்திரன் என்ற மாணவன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். அவனுடைய அப்பா, அம்மா இருவரும் டாக்டர்கள். மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். தமிழ்நாடே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் எல்லாரும் ஆபரேஷன் நாளைப் பற்றித்தான் பேசுவோம். வைத்த உறுப்பு அதுக்கு அப்புறம் நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்?

எங்கள் தெருவில் ஒரு மாமாவுக்கு அவருடைய அக்கா கிட்னி கொடுத்தார்கள். "பழசை எடுத்துட்டு அந்த எடத்துல வச்சாங்களா மாமா?" என்று கேட்டேன். இல்லையாம்! பழையது இரண்டும் பெரும்பாலும் முதுகுப் பக்கம் அப்படியே இருக்குமாம். புதுசு அடிவயிற்றில், தோலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதனால் ஸ்கேன் பண்ண வசதி.

கிருமியை எதிர்க்கும் நம் வெள்ளை அணுக்களுக்கு அக்கா, தங்கச்சி என்று தெரியாது. வேற்று ஆள் என்று கிட்னியைத் தாக்கும். அதை அடக்கத்தான் தினமும் மாத்திரை. இந்தத் தாக்குதல் வலியே இல்லாமல்கூட நடக்கும், அதுதான் பயம். அதனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை உண்டு. கூடவே டாப்ளர் ஸ்கேன்.

ரயில்வே கேட்டில் நின்று கவனித்திருக்கிறீர்களா? ரயில் கிட்ட வரும்போது ஹாரன் கீச்சென்று கேட்கும், தாண்டிப் போனதும் சத்தம் தடித்துவிடும். 1842-ல் டாப்ளர் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி சொன்னது இதுதான். ஸ்கேன் கருவி, நம் காதுக்குக் கேட்காத மீயொலியை (20,000 ஹெர்ட்ஸுக்கு மேல்) உள்ளே அனுப்பும். ஓடுகிற ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும்போது ஒலி மாறும். அந்த மாற்றத்தை வைத்து ரத்தத்தின் வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். எக்ஸ்-ரே கதிர் கிடையாது, ஊசியும் கிடையாது.

நல்ல கிட்னிக்குள் இரண்டு இதயத் துடிப்புக்கு நடுவிலும் ரத்தம் நிற்காமல் ஓடும். கிட்னி வீங்கினால் அந்த நடு ஓட்டம் குறையும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதிக வேகம் 40, குறைந்த வேகம் 14 என்றால், 40-இலிருந்து 14-ஐக் கழித்து 40-ஆல் வகுக்க வேண்டும். விடை 0.65. பொதுவாக 0.7-க்குள் இருந்தால் நல்லது. 0.8-ஐத் தாண்டினால் டாக்டர்கள் யோசிப்பார்கள். (நம்ம கணக்கு சார் பார்த்தால் சந்தோஷப்படுவார்!)

சிறுநீர் போகும் வழி அடைத்திருந்தாலும் ஸ்கேனில் தெரியும். ஆனால் வெள்ளை அணுக்கள்தான் தாக்குகின்றனவா, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா என்று அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

டாப்ளர் கருவியில் ரத்தம் ஓடும் சத்தத்தையும் கேட்கலாம். மாமா சொன்னார்: "ஷூ... ஷூன்னு அந்தச் சத்தம் கேட்டாதான் மக்ளே, அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கும்."