குறைவின்றிச் சுருக்குதல்

பவணந்தி முனிவரின் நன்னூல், ஒரு நூலுக்குரிய குற்றங்கள் பத்தினையும் அழகுகள் பத்தினையும் வகுத்துரைக்கிறது. அழகுகளுள் முதலாவது சுருங்கச் சொல்லுதல். ஆயினும், வேண்டியதைக் குறைத்துக் கூறுவதும் மிகுத்துக் கூறுவதும் ஆகிய இரண்டையுமே அது குற்றங்களுள் வைக்கிறது. இந்நெறி, கருவிகளுக்கும் மருந்துகளுக்கும் எழுதப்படும் செய்முறைக் குறிப்புகளுக்கும் பொருந்துமாற்றை ஈண்டுக் காண்போம்.

கையேடும் கற்போரும்

1980களில் ஐ.பி.எம். ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஜான் கரோல், கணிப்பொறியில் எழுதப் பழகுவோரை உற்று நோக்கினார். தடித்த கையேட்டைப் படித்து முடிக்கும் பொறுமை அவர்களுக்கு இல்லை. உடனே செய்து பார்க்கவே விழைந்தனர். தவறு நேர்ந்தபோது மீளும் வழியறியாது திகைத்தனர். எனவே அவர் நீண்ட முன்னுரைகளை நீக்கினார், செயலை முன்வைத்தார், தவறு நேருமிடத்தில் திருத்தும் வழியைச் சேர்த்தார். இச்சிறு கையேட்டால் பயின்றோர் விரைவில் தேர்ச்சி பெற்றனர். 1990இல் வெளிவந்த தம் நூலுக்கு அவர் 'நியூரம்பர்க் புனல்' எனப் பெயரிட்டார். தலையில் புனல் வைத்து அறிவை ஊற்றலாம் என்பது செருமானியர் வேடிக்கைக் கதை. அத்தகைய புனல் எங்கும் இல்லை என்பதே அவர் துணிபு.

உயிர் காத்த எளிமை

நம் நாட்டிலேயே இதற்கொரு சான்றுண்டு. 1971இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்புவழி ஏற்றும் நீர்மம் போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனோபிஸ், உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றை அளந்து பொட்டலமாக்கி, பீப்பாய் நீரில் கரைக்கச் செய்தார். உறவினரே குவளையில் முகந்து நோயாளிக்குப் புகட்டினர். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு, 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. எடையிடும் அரிய பணி பொட்டலத்திலேயே முடிந்திருந்தமையால், புகட்டுவோர்க்குச் சொல்ல வேண்டியது மிகச் சிறிதாயிற்று.

எதை நீக்கலாகாது?

இன்று கிடைக்கும் 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எண்ணுக. முழுப் பொட்டலம், 1 லிட்டர் குடிநீர், 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்துதல், எஞ்சியதைக் கொட்டிவிடுதல்: இவ்வளவே குறிப்பு. இதனினும் சுருக்க எண்ணி 'நீரில் கரைத்துக் கொடுக்கவும்' என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? ஒரு தாய் முழுப் பொட்டலத்தையும் ஒரே குவளையில் கரைத்துவிடக்கூடும்; உப்பு மிகுந்து குழந்தைக்குத் தீங்கு நேரும். 200 மில்லி லிட்டருக்குரிய சிறு பொட்டலங்களும் விற்பனையில் உள்ளமையால், அளவைச் சொல்லும் அச்சொற்கள் இன்றியமையாதன. உப்புகளின் வேதிப்பெயர்களோ நள்ளிரவில் கரைசல் கலக்கும் கைக்கு உதவா. ஆகவே, எச்சொல்லை நீக்கினால் செயல் பிழைபடுமோ அச்சொல் நிற்க, ஏனையவை நீங்குக.

நாம் செய்யத்தக்கது

2015 டிசம்பர் பெருமழையில் சிட்லபாக்கம் ஏரியை அடுத்த தெருக்களில் வெள்ளம் புகுந்ததை நாம் அறிவோம். அத்தகைய நாள்களில் குடிநீரைத் தூய்மை செய்வது குறித்தும் கரைசல் கலப்பது குறித்தும் தெளிவான தமிழ்க் குறிப்புகள் தேவை. அவற்றை எழுதுவது தமிழ் மாணவரின் பணியுமாகும். எழுதியபின் அண்டை வீட்டு மூதாட்டி ஒருவரிடம் கொடுத்து, விளக்கம் ஏதும் கூறாது அருகில் நிற்க வேண்டும். அவர் கை எங்கே தயங்குகிறதோ, அங்கே ஒரு சொல் குறைந்துள்ளது, அல்லது மிகுந்துள்ளது.