மண்மேட்டுக்குள் விழும் கண்ணீர்: வடபுல வீரக் காதற்கதைகளும் அவற்றின் பின்வந்த கதைப்பாடல்களும்

வாப்பா மௌத்தாகி உம்மா இத்தாவில் இருந்த காலம். மஃரிபுக்குப் பிறகு அறைக்குள்ளிருந்து விசும்பல் கேட்கும். பார்க்க வருகிற மாமிமார் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்லுவார்கள்: “அழாதீங்க மதினி, நீங்க அழ அழ கபுறுல அவருக்குத்தான் நோகும்.” நாலாவது கிழமை அளவில் உம்மா அழுவதை விட்டுவிட்டார். பேசுவதையும் பாதி விட்டுவிட்டார். அது சரியா பிழையா என்று ஆலிம்களிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதே நாட்களில், உயர்தர வகுப்புக்கு நாட்டாரியல் படிப்பிப்பதற்காக ஐஸ்லாந்தின் பழம்பாடல்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மாமிமார் சொன்ன அதே சொல்லை அங்கே இறந்துபோன ஒரு வீரன் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தப் பாடல் கிடைத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 1270இல் ஐஸ்லாந்தில் தோலேட்டில் எழுதப்பட்ட சிறு தொகுப்பு அது. 1643இல் பிரின்யொல்பர் ஸ்வெயின்சன் என்ற பிஷப்பின் கைக்கு வந்தது. 1662இல் டென்மார்க் மன்னருக்கு அனுப்பப்பட்டது. ஐஸ்லாந்துக்குத் திரும்பி வந்ததோ 1971இல். இன்று அதில் 45 ஏடுகள் உள்ளன. நடுவில் எட்டு ஏடுகளைக் காணோம். கதைகளில் மிகப் பெரிய காதற்கதையான சிகுர்ட் பிரின்ஹில்ட் கதையின் நடுப்பகுதியே அந்த எட்டு ஏடுகளோடு போய்விட்டது. அது எனக்கு இன்றும் ஆறாத ஒரு குறை.

புத்தகத்தை மூடவைத்த கதை ஹெல்கி என்ற வீரனுடையது. சிக்ரூன் என்பவள் ஹொக்னி என்ற மன்னனின் மகள். வான்வெளியில் குதிரையேறிப் போய்ப் போர்க்களத்தில் யார் வெல்வது, யார் விழுவது என்று தீர்மானிக்கும் வல்கிரி என்ற வகைப் பெண். தகப்பன் அவளை வேறொருவனுக்குப் பேசி முடித்துவிட்டான். அவளோ தானாகத் தேடிப்போய் ஹெல்கியை முத்தமிட்டு, தனக்குப் பேசப்பட்டவனிடமிருந்து தன்னை மீட்டுக்கொள்ளும்படி கேட்கிறாள். போர் நடக்கிறது. ஹெல்கி வெல்கிறான். ஆனால் எதிர்ப்பக்கத்தில் நின்று செத்துக் கிடப்பது யார்? அவளுடைய தகப்பனும் சகோதரனும். அந்தச் செய்தியை அவளிடம் சொல்ல வேண்டியவனும் ஹெல்கிதான். அவள் அழுகிறாள். செத்தவர்கள் உயிரோடு எழும்ப வேண்டும், ஆனாலும் தான் அவன் அணைப்பிலேயே இருக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் ஆசைப்படுகிறாள். இந்த இரட்டை ஆசைதான் வடபுல வீரக் காதற்கதை முழுவதற்கும் அச்சாணி என்பது என் எண்ணம். மற்றக் கதைக்கூறுகள் எல்லாம் இதைச் சுற்றிச் சுழல்பவை.

உயிர் தப்பிய ஒரே சகோதரன் டாக். ஹெல்கிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்துகொடுத்தவன். பின்னர் ஒடின் என்ற தெய்வத்துக்குப் பலி கொடுத்து, அவருடைய ஈட்டியையே இரவல் வாங்கி, மைத்துனனைக் குத்திக் கொல்கிறான். கொன்ற கையோடு சகோதரியிடம் வந்து சொல்கிறான். அவள் சாபமிடுகிறாள்: அவனுடைய கப்பல் நல்ல காற்றிலும் ஓடக்கூடாது, எதிரி துரத்தும்போது குதிரை ஓடக்கூடாது, வாள் அவன் தலையை அன்றி வேறெதையும் வெட்டக்கூடாது. மூன்றும் ஒரு வீரன் உயிருக்கு நம்பியிருக்கும் சாமான்கள். அந்த மூன்றுமே அவனைக் கைவிட வேண்டும் என்கிறாள்.

பிறகு வருவதுதான் அந்த இடம். ஹெல்கியை அடக்கிய மண்மேட்டை நோக்கி அவன் தன் ஆட்களோடு குதிரையில் வருவதை வேலைக்காரி காண்கிறாள். சிக்ரூன் மண்மேட்டுக்குள் போகிறாள். அவன் தலைமயிரில் உறைபனி, கை சில்லிட்டிருக்கிறது, உடம்பெல்லாம் இரத்தம். ஏன் என்று கேட்கிறாள். நீ தூங்கப் போகுமுன் அழுகிறாய், அந்தக் கண்ணீர் ஒவ்வொரு சொட்டும் இரத்தமாக என் மார்பில் விழுகிறது என்கிறான்.

ஆனால் அதற்கு அடுத்து அவன் என்ன செய்கிறான் என்பதைக் கவனிக்க வேணும். அழாதே என்று அவன் கட்டளையிடவில்லை. நல்ல மது குடிப்போம் என்கிறான். என் மார்பில் காயம் இருக்கிறதென்று எவரும் ஒப்பாரி வைக்க வேண்டாம், என் மனைவி என்னோடு மண்மேட்டுக்குள் இருக்கிறாள் என்று பெருமைப்படுகிறான். அவள் அங்கேயே படுக்கை விரித்து, உயிரோடிருக்கும்போது போலவே அவன் கைக்குள் தூங்குகிறாள். விடியுமுன், வல்ஹாலாவின் வீரர்களைச் சேவல் எழுப்புவதற்குள், அவன் போய்விட வேண்டும். போகிறான். அடுத்த நாள் அந்தியில் அவள் மண்மேட்டருகே காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. துக்கத்தில் அவளும் அதிக நாள் வாழவில்லை.

இனிப் பின்வந்த கதைப்பாடல்களுக்கு வருவோம். ஸ்கந்திநேவியாவில் கதைப்பாடல் என்ற வகை நடனத்தோடு ஒட்டி மத்திய காலத்தின் பிற்பகுதியில் வேரூன்றியது. ஏட்டில் ஏறியதோ மிகப் பிந்தி. டென்மார்க்கின் மிகப் பழைய கையெழுத்துத் தொகுப்பு 1550களைச் சேர்ந்தது. 1591இல் ஆண்டர்ஸ் சோரன்சன் வெதெல் நூறு பாடல்களை அச்சிட்டார். பிரபுக் குடும்பத்துப் பெண்கள் தங்கள் வீட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தவை ஏராளம். 1853இல் ஸ்வெண்ட் குருண்ட்விக் தொடங்கிய பெருந்தொகுப்பு 1976இல்தான் முடிந்தது. இந்தக் காலக் கணக்கைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய வீரப்பாடலுக்கும் கதைப்பாடலுக்கும் இடையில் சில நூற்றாண்டு இடைவெளி. ஒன்றிலிருந்து மற்றது நேராக இறங்கியது என்று கையடித்துச் சொல்ல முடியாது. ஒரே கதைக்கூறு இரண்டு வாயில்களால் வரவும் கூடும். கண்ணீர் செத்தவரை நனைக்கும் என்ற நம்பிக்கை கிரிம் சகோதரர்கள் சேர்த்த ஜெர்மன் கதையிலும் இருக்கிறது. அங்கே தாயின் கண்ணீரில் நனைந்த கபனோடு இறந்த குழந்தை வந்து நிற்கிறது.

ஹெல்கி கதையின் முற்பாதிக்கு நெருங்கிய டேனிஷ் பாடல் ரிபோல்டும் குல்ட்போரும். காதலர்கள் ஓடிப்போகிறார்கள். பெண்ணின் தகப்பனும் சகோதரர்களும் துரத்தி வருகிறார்கள். ரிபோல்ட் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறான்: சண்டை நடக்கும்போது என் பேரைச் சொல்லிவிடாதே. அவன் வரிசையாக வெட்டி வீழ்த்துகிறான். கடைசித் தம்பி மட்டும் மிஞ்சும்போது அவளால் பொறுக்க முடியவில்லை. உம்மாவிடம் செய்தி கொண்டுபோகவாவது அவனை விடு என்று ரிபோல்டின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறாள். அந்தக் கணமே அவனுக்கு மரணக் காயம். சிக்ரூன் ஒரே மூச்சில் ஆசைப்பட்ட இரண்டையும் இந்தப் பெண் ஒரே ஒரு கூப்பிடலில் செய்துவிடுகிறாள். தம்பி பிழைக்கிறான், காதலன் சாகிறான். கதைப்பாடல் வீரப்பாடலின் உடைந்த துண்டு என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அது ஏற்புடையதல்ல. பேரைச் சொல்லாதே என்ற விலக்கு ஒன்றைச் சேர்த்ததும், போர்க்களத்தில் ஆண்கள் கையில் இருந்த முடிவு அந்தப் பெண்ணின் வாய்க்கு வந்துவிடுகிறதே!

சிகுர்ட் கதையைச் சுருக்கமாகவே தொட்டுப் போகிறேன். அதைப் பலரும் அறிவார்கள். நெருப்பு வளையத்துக்குள் உறங்கும் பெண், மறதி மது, உருமாறிப் போய் மற்றவனுக்காகப் பெண் கேட்பது, நடுவில் உருவிய வாளை வைத்துக்கொண்டு மூன்று இரவு படுத்திருப்பது, ஆற்றில் தலை கழுவும்போது இரண்டு பெண்களுக்கிடையில் வரும் சண்டை, மோதிரத்தால் உண்மை வெளியாவது. டேனிஷ் கதைப்பாடலில் நெருப்பு வளையம் கண்ணாடி மலையாகிறது. ஆற்றங்கரையும் மோதிரமும் அப்படியே நிற்கின்றன. பரோயே தீவுகளில் இந்தக் கதை நீண்ட பாடலாகவே வாழ்கிறது. 1822இல் லிங்பி என்ற டேனிஷ் பாதிரியார் அதை அச்சேற்றினார். கை கோத்து வட்டமாக ஆடிக்கொண்டே பாடுகிற வழக்கம் அங்கே இன்றும் உண்டு.

எனக்கு ஆகப் பிடித்தது ஹக்பார்ட் சிக்னே கதை. 1200ஐ ஒட்டி சாக்சோ கிரமாட்டிக்கஸ் லத்தீனில் எழுதிய டேனியர் வரலாற்றில் இது வருகிறது. ஹக்பார்ட் சிக்னேயின் சகோதரர்களைக் கொன்றவன். திரும்பவும் அதே கூறு! பெண் வேடமிட்டு அவள் மாளிகைக்குள் வருகிறான். கால் கழுவும் பணிப்பெண்கள் அவன் காலில் மயிர் இருப்பதைக் கண்டு சந்தேகப்படுகிறார்கள். காட்டிக்கொடுக்கப்பட்டுத் தூக்குக்கு இழுத்துச் செல்லப்படுகிறான். அவன் இறந்தால் தானும் இறப்பதாக அவள் சொல்லியிருக்கிறாள். அது உண்மையா என்று பார்க்க, முதலில் என் மேலாடையைத் தொங்கவிடுங்கள் என்று கேட்கிறான். தூரத்தில் ஆடை தொங்குவதைக் கண்டதும் அவளுடைய மாளிகை தீப்பிடித்து எரிகிறது. அவன் சந்தோசமாகச் சாகிறான்.

சொல்லப்போனால் இதில் ஒரு கொடூரம் இருக்கிறது. ஒரு பெண்ணின் உயிரை வைத்துப் பரீட்சை பார்ப்பது எனக்குச் சரியாகப்படவில்லை. கதைப்பாடலும் அந்தப் பரீட்சையை விட்டுவிடவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை வைக்கிறது. எந்தக் கயிற்றைக் கட்டினாலும் ஹக்பார்ட் அறுத்துக்கொண்டு விடுகிறான். அப்போது துரோகியான பணிப்பெண், சிக்னேயின் தலைமயிர் ஒன்றால் கட்டுங்கள் என்று வழி சொல்கிறாள். ஒற்றை மயிர். அதை அறுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அவள் அவனுக்காக எரிவதற்கு முன்பே அவன் அவளுக்காகக் கட்டுண்டு நிற்கிறான். சாக்சோவின் லத்தீனில் இல்லாத ஒரு நியாயத்தைப் பாடல் கண்டுபிடித்திருக்கிறது.

ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகள். 1469இல் டென்மார்க் மன்னர் அவற்றை ஸ்கொட்லாந்து அரசரிடம் அடகு வைத்தார். மீட்கவே இல்லை. அங்கே பேசிய நோர்ன் என்ற வடபுல மொழி கொஞ்சங் கொஞ்சமாக அழிந்தது. 1774இல் ஜோர்ஜ் லோ என்ற பாதிரியார் பவுலா என்ற சின்னத் தீவுக்குப் போனபோது, வில்லியம் ஹென்றி என்ற முதியவர் 35 செய்யுள்கொண்ட ஒரு பாடலைச் சொன்னார். லோவுக்கு அந்த மொழி தெரியாது. காதில் விழுந்தபடியே எழுதிக்கொண்டார். நோர்ன் மொழியில் நமக்குக் கிடைத்த நீண்ட பாடல் அது ஒன்றுதான்.

ஹில்டினா என்று அறியப்படும் அந்தப் பாடலில் ஓர்க்னி பிரபு நோர்வே மன்னனின் மகளைக் கொண்டுபோகிறான். தகப்பன் துரத்தி வருகிறான். மகள் இருவரையும் சமாதானப்படுத்தப் பார்க்கிறாள். அவளை விரும்பிய ஹிலுகே என்பவன் அதைக் குழப்பி, பிரபுவின் தலையை வெட்டி அவள் மடியில் எறிகிறான். பிறகு அவனுக்கே அவளைக் கட்டிவைக்கிறார்கள். கலியாண விருந்தில் அவள் மதுவில் மயக்க மருந்து கலந்து எல்லாரையும் தூங்கவைத்து, தகப்பனை வெளியே எடுத்துவிட்டு வீட்டுக்குத் தீ வைக்கிறாள். இரக்கம் காட்டு என்று ஹிலுகே கேட்கும்போது, அவன் காட்டாததைத் தானும் காட்ட முடியாது என்கிறாள். இதற்குப் பழைய வேர் ஹில்ட் கதை. அங்கேயும் தகப்பன் பேர் ஹொக்னிதான். தகப்பனும் காதலனும் ஓர்க்னியிலுள்ள ஒரு தீவில் போரிட, இரவில் ஹில்ட் செத்தவர்களை எழுப்பிவிட, விடிந்ததும் மீண்டும் போர், உலக முடிவு வரை. ஹெல்கியும் சிக்ரூனைப் பார்த்து, நீ எங்களுக்கு ஒரு ஹில்ட் ஆகிவிட்டாயே என்று சொல்லும் இடம் உண்டு. அந்தக் கவிஞனுக்கே இது பழைய கதை.

கண்ணீருக்குத் திரும்புகிறேன். டென்மார்க்கின் ஆகே எல்சே பாடலில், கலியாணத்துக்கு முன் இறந்த ஆகே, எல்சே அழுவதை மண்ணுக்குள்ளிருந்து கேட்கிறான். சவப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து அந்தப் பெட்டியாலேயே கதவைத் தட்டுகிறான். இயேசுவின் பேரைச் சொல்ல முடியுமா என்று அவள் கேட்டு, அவன் சொன்ன பிறகுதான் கதவைத் திறக்கிறாள். பொன் சீப்பால் அவன் தலையை வாருகிறாள். ஒவ்வொரு மயிருக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர். அவன் விளக்குகிறான்: நீ சந்தோசமாக இருந்தால் என் பெட்டிக்குள் ரோஜா இதழ் நிறைகிறது, அழுதால் உறைந்த இரத்தம் நிறைகிறது. சேவல் கூவுகிறது. கபுறடி வரை அவள் கூடவே போகிறாள். வானத்தைப் பார் என்கிறான். அவள் நிமிர்ந்து பார்த்த நேரத்தில் மண்ணுக்குள் போய்விடுகிறான். ஒரு மாதத்துக்குள் அவளும் இறக்கிறாள்.

இரத்தமும் சேவலும் சில்லிட்ட உடம்பும் இரண்டிலும் ஒன்றுதான். ரோஜா இதழ் புதிது, அதில்தான் எல்லாமே மாறிவிடுகிறது. ஹெல்கி சொன்னது நடப்பதை. ஆகே சொல்வது புத்திமதி. இதழ் வேணுமா, இரத்தம் வேணுமா என்று பொறுப்பை அவள் தலையில் வைத்துவிட்டுப் போகிறான். ஆங்கிலேயரின் ‘அமைதியற்ற கபுறு’ என்ற பாடலில் ஒரு வருடமும் ஒரு நாளும் அழுத பிறகு, செத்தவரே எழும்பி, என்னை ஏன் தூங்க விடாமல் வைத்திருக்கிறாய் என்று முறைப்படுகிறார். பழைய பாடலிலோ அவளுடைய அழுகையால்தான் அவன் வந்தான், வந்ததற்காக இருவரும் மகிழ்ந்தார்கள்.

ஹெல்கி பாடலின் முடிவில் ஏட்டை எழுதியவர் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். மனிதர் மறுபடி பிறப்பார்கள் என்று முன்காலத்தில் நம்பினார்கள், இப்போது அது கிழவிகளின் பிழை என்று சொல்லப்படுகிறது என்று எழுதிவிட்டு, அந்த மூச்சிலேயே, ஹெல்கியும் சிக்ரூனும் மறுபடி பிறந்ததாகச் சொல்கிறார்கள் என்று சேர்க்கிறார். அந்த மறுபிறப்பைப் பாடிய காரா பாடலின் பேரையும் சொல்கிறார். அந்தப் பாடல் நமக்குக் கிடைக்கவில்லை.

இத்தா முடிந்த பிறகு ஒரு நாள் இந்தக் கதையை உம்மாவிடம் சொன்னேன். காபிர்களின் கதை என்று தள்ளாமல் கேட்டார். சேவல் கூவி அவன் போன இடம் வந்ததும், “அடுத்த நாளும் அந்தப் புள்ள போய் நிண்டாளா மகன்?” என்றார். ஓம் உம்மா என்றேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவரை அழ வேண்டாம் என்று சொல்ல மாமிமார் யாரும் பக்கத்தில் இல்லை.