பன்னிரண்டு கோழிகளும் ஒரு ஓடாத மொபெட்டும்

சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள். "செருப்பக் கழட்டீராதீங்க, பூராவும் தகரத் துண்டு" என்று அண்ணி எச்சரித்திருக்கிறார். நாம் நிற்பது ராசிபுரம் பக்கம் ஒரு வீட்டுப் பொடக்காளியில். தினமும் கோடிக்கணக்கில் முட்டை லாரி ஏறுகிற நாமக்கல் மாவட்டத்தில், வெறும் 12 நாட்டுக்கோழிக்கு மாளிகை எழும்புகிறது என்றால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா?

மாளிகை என்பது 10 அடிக்கு 8 அடி தகரக் கொட்டகை. நேற்றுவரை உள்ளே கிடந்த மழுங்கிய மண்வெட்டி, ஓட்டை மருந்து டேங்க், கல்யாணத்துக்கு வாங்கிய அண்டா, ஓடாத டிவிஎஸ் 50 எல்லாம் இப்போது வேப்பமரத்தடியில். கோழிகள் கதவு இடுக்கில் புகுந்து அந்த மொபெட் மேல்தான் தூங்குமாம். போன மாதம் மரநாய் இரண்டு பெட்டையைத் தூக்கிப் போனதும் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

கட்டிங் மிஷின் அலறுகிறது, தீப்பொறி பறக்கிறது. சூடும் எச்சத்தின் காரநெடியும் வெளியேற, கூரைக்குக் கீழே நீளமாக ஒரு பட்டையை வெட்டி எடுக்கிறார் வெல்டிங்காரர். வெட்டிய விளிம்பு கத்திதான். அதற்கு அண்ணியின் வைத்தியத்தைப் பாருங்களேன்: பழைய சொட்டுநீர் ஓஸை நெடுக்கக் கீறி, தகர விளிம்பில் சாண் சாணாகச் செருகிக்கொண்டே போகிறார். கட்டைவிரலில் ஏற்கெனவே ஒரு பிளாஸ்திரி.

இத்தனை அமளியிலும் அசையாத ஆள் ஒருத்தி உண்டு. சுவரோரப் பஞ்சாரத்துக்குள் அடைக்கோழி. 21 நாள் கணக்கில் இன்று 14. மிஷின் கத்தும்போது ஒற்றைக் கண்ணால் முறைத்துவிட்டு மறுபடி சொக்குகிறாள்.

நண்பகலில் கொட்டகைக்குள் தலையை நீட்டினேன். அப்பப்பா! சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கோழிக்கோ வேர்க்கவே வேர்க்காது, வாயைப் பிளந்து இரைத்துத்தான் சூட்டைத் தள்ளவேண்டும். "தகரத்துல பூட்டி வறுத்துத் திங்கப் போறயாடா?" என்று திண்ணையிலிருந்து ஆத்தாவின் குரல். அரை மணியில் கூரை மேல் மூங்கில் பரப்பி, காற்றோட இடைவெளி விட்டுத் தென்னந்தடுக்கு ஏறியது.

அடுத்தது வலை. அண்ணன் பெருமையோடு விரித்த கோழிவலையின் கண்ணுக்குள் ஆத்தா மூன்று விரலை நுழைத்துக் காட்டினார். "குட்டிக் கீரி நொழையும் சாமி." மறுபேச்சில்லை. சுருட்டிக்கொண்டு கடைக்கு ஓடியவர் அரை இஞ்ச் வெல்டு மெஷ்ஷோடு திரும்பினார். நான் செய்த ஒரே உபகாரம் உமி கொட்டியது. தும்மிய தும்மலில் வெல்டிங்காரர் சிரித்து, கையிலிருந்த டீயைச் சிந்தினார்.

பொழுது சாய்ந்தது. புது உமி, புது மூங்கில் தாங்கல், முட்டையிட மூன்று பழக்கூடை. கதவைத் திறந்துவைத்து மூச்சைப் பிடித்துக் காத்திருந்தோம். சேவல் வாசல்வரை வந்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, திரும்பி நடந்தது. பெட்டைகளும் பின்னாலேயே. நேராக வேப்பமரத்தடிக்குப் போய், சீட்டில் நாலு, கேரியரில் மூணு, ஹேண்டில்பாரில் சேவல்!

அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அந்த வண்டியத் தூக்கி உள்ள போடுங்கடா."