மனநோய்க்கு மருந்துண்டு, மானியம் உண்டோ?

ஐக்கிய அமெரிக்காவைச் செல்வம் கொழிக்கும் நாடென்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அந்நாட்டிலும் மனநோயாளருக்கும் மதுவுக்கு அடிமையானோருக்கும் ஊரளவில் ஒரு சிகிச்சை நிலையம் நடத்துவதற்குப் பணம் தேடி அலைவோர் பலர் உளர் என்றால், நம்மவருள் சிலர் நம்பத் தயங்குவர். திருவோட்டுக்குப் பதிலாக விண்ணப்பத்தாளை ஏந்தி நிற்கின்றனர் என்பதொன்றே வேற்றுமை. அவ்விண்ணப்பத்தாளின் கதை நாமும் அறிந்துகொள்ளத்தக்கது.

1955ஆம் ஆண்டில் அந்நாட்டு மாநில மனநோய் வைத்தியசாலைகளில் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். இளமையில் உட்புகுந்து முதுமையில் பிணமாக வெளிவந்தோர் அவருள் எத்தனையோ பேர். அக்காலத்திலேயே புதிய மருந்துகள் வழக்குக்கு வந்தன. நோயாளர் தம் ஊரிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்னும் நம்பிக்கையும் பிறந்தது. ஜனாதிபதி ஜோன் கென்னடிக்கு இது ஏட்டளவில் அறிந்த செய்தியன்று. அவருடைய தங்கை ரோஸ்மேரிக்கு 1941இல் மூளையிற் செய்த அறுவைச் சிகிச்சை, அவரைப் பேச்சும் நடையும் குன்றியவராக்கிற்று. 1963 பெப்ரவரி 5ஆம் நாள் கென்னடி கொங்கிரஸ் சபைக்கு மனநலம் பற்றித் தனிச் செய்தி ஒன்றை அனுப்பினார். அதன் பயனாய் எழுந்த சட்டத்திலே அவர் ஒக்ரோபர் 31ஆம் நாள் ஒப்பமிட்டார். மூன்று வாரங்கள் கழிந்ததும் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அச்சட்டம் சமூக மனநல நிலையங்களைக் கட்டுவதற்கு மூன்றாண்டுகளுக்கெனப் பதினைந்து கோடி டொலர் ஒதுக்கிற்று. கட்டுவதற்கு என்பதனை வாசகர் கவனித்தல் வேண்டும். அங்கே பணிபுரிவோரின் வேதனத்துக்கென ஒரு சதமேனும் கொடுக்கப்படவில்லை. அரசாங்கப் பணத்தில் வைத்தியரை அமர்த்துவது பொதுவுடைமைக்கு வழிகோலும் என அமெரிக்க வைத்தியச் சங்கம் எதிர்த்தமையால் அப்பகுதி நீக்கப்பட்டது. நம் கல்லூரிகளில் இது காணாத காட்சியா? மண்டபத்துக்கு நன்கொடை வரும். வாயிற் சுவரிலே பெயர்க்கல் பதிக்கப்படும். மண்டபத்தினுள் நின்று படிப்பிப்பவரின் வேதனத்துக்குக் கொடுப்பாரைத் தேடவேண்டும். சுவர் கண்ணுக்குத் தெரிகின்றது. உழைப்பு அவ்வாறு தெரிவதில்லை.

1965இல் இக்குறை ஓரளவு நீங்கிற்று. பணியாளர் செலவுக்கும் சமஷ்டி அரசாங்கம் மானியம் வழங்கத் தொடங்கிற்று. ஆயின் தொடக்கத்தில் நூற்றுக்கு 75 ஆக இருந்த பங்கு படிப்படியாகக் குறைந்து 30க்கு இறங்கி, 51 மாதங்களில் முற்றாக நின்றுவிடும் என்பது விதி. அதற்குள் நிலையங்கள் தம் காலில் நிற்கப் பழகிவிடும் என்று கருதினர். செல்வர் வாழும் ஊர்களில் அது நடந்திருக்கலாம். வறியவர் மிகுந்த இடங்களிலே, வரும் நோயாளியிடம் கட்டணம் கொடுக்கப் பணமில்லை; அவ்வூராட்சியிடமும் பணமில்லை. ஆயிரக்கணக்கில் எழும் என எதிர்பார்த்த நிலையங்களுள் 1980 வரையில் மானியம் பெற்றவை எண்ணூறையும் எட்டவில்லை. பழைய வைத்தியசாலைகளோ தம் நோயாளரை வெளியே அனுப்பிய வண்ணமே இருந்தன. அவ்வாறு வந்தோர் பலருக்கு வீதியும் சிறையுமே இருப்பிடமாயின. இதனைத் திட்டத்தின் பிழை என்பதிலும், பாதியிற் கைவிடப்பட்ட திட்டத்தின் விளைவு என்பதே நம் கருத்து.

மதுவுக்கு அடிமையானோரையும் இந்நிலையங்கள் ஏற்கலாம் என 1968இல் சட்டம் விரிவாக்கப்பட்டது. அத்துறையில் பெருமுயற்சி செய்தவர் ஹரோல்ட் ஹியூஸ். லொறிச் சாரதியாயிருந்து, குடியாற் சீரழிந்து, அதனின்றும் மீண்டு, அயோவா மாநில ஆளுநராகவும் பின் செனற்றராகவும் உயர்ந்தவர் அவர். தம் பழைய நிலையை அவர் சபையிலே மறைக்கவில்லை. குடிநோய் ஒழுக்கக்கேடு மாத்திரமன்று, சிகிச்சை வேண்டும் நோய் என்னும் கொள்கையில் எழுந்த அவரது சட்டம் 1970ஆம் ஆண்டின் இறுதி நாளில் நிறைவேறிற்று. ஒரு தேசிய நிறுவனமும் அதற்கென மானியமும் அதனாற் கிடைத்தன.

1981இல் ஜனாதிபதி றேகன் காலத்திலே காற்றுத் திசை மாறிற்று. முந்திய ஆண்டு ஜனாதிபதி கார்ட்டர் இயற்றுவித்த மனநலச் சட்டத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்டு, நிலையங்களுக்கு நேரே சென்ற பணம் மாநிலங்களுக்கு மொத்தத் தொகையாக, அதுவும் குறைத்து, வழங்கப்பட்டது. விண்ணப்பிப்போர் வாஷிங்டனை விட்டு மாநிலத் தலைநகரின் வாயிலில் நிற்கலாயினர்.

விண்ணப்பத்தில் என்ன கேட்பார்கள்? உம் பகுதியில் இந்நோயுற்றோர் எத்தனை பேர், அதற்குச் சான்று யாது, என்ன செய்வீர், யாரைக் கொண்டு செய்வீர், பயன் விளைந்ததென எவ்வாறு அளப்பீர் என்றெல்லாம் கேட்பர். பணத்தைக் கொடுப்பவர் கணக்குக் கேட்பது முறையே. ஆயினும், ஓராண்டு குடியாதிருந்த தந்தையின் வீட்டிலே பிள்ளைகள் அச்சமின்றி உறங்கிய இரவுகளை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? மானியம் முடிந்தபின் எவ்வாறு நடத்துவீர் என்பது இறுதி வினா. பணம் இல்லாமையாலன்றோ விண்ணப்பிக்கின்றோம் என்று எழுதிவிட முடியாது.

பெரிய வைத்தியசாலைகளில் விண்ணப்பம் எழுதுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆளுண்டு. சிறிய நிலையத்தில், பகலெல்லாம் நோயாளரைப் பார்த்த அதே பணியாளர் இரவில் விளக்கடியில் அமர்ந்து எழுதவேண்டும். ஆகவே, தேவை மிகுந்த இடத்துக்கன்றி எழுதத் தெரிந்த இடத்துக்கே பணம் போய்ச்சேர்வதும் உண்டு. கட்டுரைப் பாடத்தை மதியாத மாணாக்கர் இதனை ஒருமுறை சிந்திப்பாராக. தெளிவாய் எழுதிய இரண்டு பக்கத்தினால் ஓர் ஊருக்கு ஒரு மருத்துவத் தாதி கிடைக்கின்றார்.

மற்றொரு தொல்லையும் உண்டு. 1992இல் மாநிலங்களுக்கான மொத்த மானியம், மனநலத்துக்கு ஒன்று, மது போதைவஸ்துச் சிகிச்சைக்கு ஒன்று என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நோய்கள் அவ்வாறு பிரிந்து நிற்பதில்லை. மனச்சோர்வு தாளாது குடிப்பவரும், குடியினால் மனம் பேதலிப்பவரும் ஒரே கதவைத் தட்டுகின்றனர். பணமோ இருவேறு பெட்டிகளில் கிடக்கின்றது.

இதனை நீக்குமாறு 2014இல் ஒரு சட்டம் வந்தது. இருவகை நோயையும் ஒரு கூரையின்கீழ்ப் பார்த்து, ஆபத்து வேளையில் இருபத்துநான்கு மணி நேரமும் உதவி, கட்டணம் கொடுக்க இயலாதாரையும் திருப்பி அனுப்பாத நிலையங்களுக்கு, உண்மைச் செலவைக் கணித்து வறியோர் மருத்துவக் காப்புறுதியிலிருந்து பணம் கொடுக்கும் ஏற்பாடு அது. அதாவது, வேலைக்குக் கூலி. ஆண்டுதோறும் கையேந்தல் குறையும். 2017இல் எட்டு மாநிலங்களில் இது பரீட்சார்த்தமாகத் தொடங்கிற்று. 2024 ஜூன் மாதத்தில் மேலும் பத்து மாநிலங்கள் சேர்க்கப்பட்டன.